கை நடுங்குது, கண் துடிக்குது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ராமமூர்த்தி நகர் என்று பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த பகுதிகளிலிருந்தும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வைத்தியத்துக்காக இங்கே வந்துபோகிறவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. படித்துவிட்டு நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கையோடு எடுத்துப் போவது என்று தெரிந்தால் போதும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

உடம்பு தானாக அசைவது எல்லாமே நரம்புத் தளர்ச்சிதானே?

இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று எந்த நரம்பியல் டாக்டரும் சீட்டில் எழுதமாட்டார். சுவர் விளம்பரத்திலும் லாட்ஜ் வைத்தியர்களிடமும்தான் அந்த நோய் இருக்கிறது. கை நடுங்குகிறது என்றதும் மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். வைட்டமின் குறைவு இருந்தால் அது உதவும், இல்லாவிட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போவதுதான் மிச்சம்.

மூளை, தண்டுவடம், நரம்பு, தசை என்று இந்த வழியில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் நாம் நினைக்காமலே தசை அசையலாம். தைராய்டு, சர்க்கரை, கால்சியம், ஈரல், சிறுநீரகம் இவற்றாலும் வரும். மருந்தாலும் வரும். அது எப்படித் தெரிகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் நல்ல துப்பு. சும்மா இருக்கும்போதா, ஒரு பொருளை எடுக்கும்போதா, எழுதும்போது மட்டுமா, தூங்கினால் நிற்கிறதா, கொஞ்ச நேரம் அடக்கிவைக்க முடிகிறதா? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் டாக்டர் பெரும்பாலும் பரிசோதனைக்கு எழுதுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

பத்து நாளாக ஒரு கண் துடிக்கிறது. நல்லதா கெட்டதா?

பெண்ணுக்கு இடது, ஆணுக்கு வலது நல்லது என்பார்கள். அதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பைப் பொறுத்தவரை இரண்டு கண்ணும் ஒன்றுதான். பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கீழிமையில் மெல்லிய துடிப்பாக வரும். நமக்குப் பெரிதாகத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. தூக்கக் குறைவு, திரையையே பார்த்துக்கொண்டிருப்பது, அதிகக் காபி, கவலை இவைதான் வழக்கமான காரணங்கள். சில நாளிலோ சில வாரத்திலோ தானே போய்விடும். பை டூ காபி என்று பாதிப் பாதியாகக் குடிப்பதால் கணக்கு குறையாது. ஒரு நாளைக்கு அப்படி ஐந்தாறு முறை குடித்தால் இரண்டு மூன்று முழுக் காபி ஆகிவிடுகிறது.

மூன்று மாதம் தாண்டினாலோ, இமை முழுதாக மூடிக்கொண்டு திறக்கச் சிரமப்பட்டாலோ, கன்னத்துக்கும் வாய்க்கும் பரவினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு அப்படித்தான் பரவிவிட்டது. முகத்தில் ஒரு பாதி மட்டும் இழுக்கிறது. பக்கவாதமா?

பக்கவாதத்தில் முகம் செயலிழந்து தொங்கும். இது நேர்மாறு, தசை அளவுக்கு மீறி இழுக்கிறது. கண்ணோரம் ஆரம்பித்து மாதக்கணக்கில் கீழே இறங்கி, கன்னமும் வாய்க்கோணமும் சேர்ந்து சுருங்கும். தூக்கத்திலும் வரலாம். மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்திக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துக்கொள்கிற சங்கடம் இருக்கிறதே, அது சின்ன விஷயமில்லை.

மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை. போட்டுலினம் ஊசி நன்றாகக் கேட்கும். போட்டு சில நாளில் இழுப்பு அடங்கும், ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும், மறுபடி போட வேண்டும். சினிமாக்காரர்கள் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே போடாக்ஸ்தான். அழகுக்கு வருவதற்கு வெகு முன்பே, 1989-இல், அமெரிக்காவில் கண் வைத்தியத்துக்குத்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. ஊசியே வேண்டாம், நிரந்தரத் தீர்வு வேண்டும் என்றால் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அது மண்டையைத் திறந்து செய்வது. யோசித்து முடிவெடுங்கள்.

தொடை, தோள், கெண்டைக்கால் என்று மாறி மாறித் துடிக்கிறது. நெட்டில் பார்த்தேன், ஏ.எல்.எஸ். என்ற கடுமையான நரம்பு நோய் என்று போட்டிருக்கிறது. தூக்கமே வரவில்லை.

ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு விடியற்காலை மூன்று மணிக்குத் தேடியிருப்பீர்கள். எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பார்க்கும் இளைஞர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது.

ஒரு நரம்பிழை, தன் கட்டுப்பாட்டில் உள்ள தசையிழைகளைக் காரணமில்லாமல் ஒரு தடவை சுண்டினால் தோலுக்கடியில் துள்ளல் தெரியும். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் இது உண்டு. தூக்கமின்மை, ஜிம்மில் அளவு மீறிய பயிற்சி, காபி, பதற்றம் எல்லாமே கூட்டிவிடும். பயந்து பயந்து கவனித்தால் இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஏ.எல்.எஸ். நோயில் வெறும் துடிப்போடு நிற்காது. பலம் குறையும், தசை கரையும். சட்டைப் பொத்தான் போட வராது, சாவி திருப்ப வராது, நடக்கும்போது செருப்பு காலைவிட்டு நழுவும், பேச்சு குழறும், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு வற்றிப்போகும். இவற்றில் ஒன்றுமில்லாமல் மாதக்கணக்காகத் துடிப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு தடவை நரம்பியல் டாக்டரிடம் முறையாகக் காட்டிவிட்டு நெட்டில் தேடுவதை நிறுத்துங்கள்.

நம் ஊர்ப் பையன்கள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குள் ஒரு கை மட்டும் மெலிந்து, விரல்களை நீட்டினால் லேசாக ஆடி, டிசம்பர் மாதத்துப் பெங்களூர்க் குளிரில் அந்தக் கை சுத்தமாகவே வேலை செய்யாமல் போகிறது என்றால், அது வேறொரு வியாதியாக இருக்கலாம். ஒரு கையோ ஒரு காலோ மட்டும் மெலியும் இந்த நிலையை 1984-இல் பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இருந்த டாக்டர் கௌரி தேவியும் குழுவினரும் விவரித்து எழுதினார்கள். ஜப்பானில் ஹிராயமா நோய் என்கிறார்கள். சில வருஷம் கூடிவிட்டு, பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். கழுத்தைக் குனிக்கும்போது தண்டுவடம் அழுத்தப்படுவது காரணங்களில் ஒன்று என்பதால், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் கழுத்துப்பட்டை போட்டால் மோசமாவதைத் தடுக்க வாய்ப்புண்டு. எப்போதும் குனிந்து போனைப் பார்த்தபடி இருக்கும் பையனிடம் கழுத்துப்பட்டை போடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது வேறு கதை.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பார்க்கின்சன்தானா?

கை நடுங்கினாலே பார்க்கின்சன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைவிடப் பரவலாக இருப்பது வேறொன்று. தானாக வரும் பரம்பரை நடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் எசென்ஷியல் ட்ரெமர் என்பார்கள். அப்பா காபி டம்ளரை எடுக்கும்போது பாருங்கள். மேசையில் கை சும்மா இருந்தவரை ஒன்றுமில்லை. தூக்கியதும் ஆட ஆரம்பித்து, வாய்க்குக் கிட்டே போகப் போகக் கூடி, டபராவில் கொஞ்சம் சிந்துகிறது. இரண்டு கையிலும் இருக்கும். தலை ஆடலாம், குரல் நடுங்கலாம். பாங்கில் கையெழுத்துப் போடும்போது, நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால், இன்னும் மோசம். விசாரித்தால் பாட்டிக்கும் இருந்தது என்பார்கள். சுமார் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் இருக்கும். ஒரு பெக் குடித்தால் நிற்கிறது என்று ரகசியமாகச் சொல்பவர்களும் உண்டு. உண்மைதான், கொஞ்ச நேரம் நிற்கும். அதையே வைத்தியமாக்கிக்கொண்டு குடிநோயாளி ஆனவர்களும் இருக்கிறார்கள். புரோப்ரனலால், பிரிமிடோன் என்று மாத்திரைகள் உண்டு. ஆஸ்துமா இருப்பவருக்கு முதலாவது ஆகாது என்பதால் அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

பார்க்கின்சன் நடுக்கம் இதற்கு எதிர்ப்பக்கம். கை மடியில் சும்மா கிடக்கும்போது ஆடும், வேலைக்குத் தூக்கினால் குறையும். ஒரு பக்கம்தான் ஆரம்பிக்கும். திருநீற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நுணுக்குகிற மாதிரி, நொடிக்கு நாலிலிருந்து ஆறு தடவை. அப்புறம், நடுக்கம் அதன் முக்கிய அடையாளமே இல்லை. பத்தில் மூன்று பேருக்கு ஆரம்பத்தில் நடுக்கமே இருக்காது. மந்தம்தான் முக்கியம். வேட்டி கட்டுவதற்குப் பத்து நிமிஷம், நடையில் ஒரு கை மட்டும் வீசாமல் ஒட்டிக்கொண்டிருப்பது, எழுத்து வரவரப் பொடியாவது, முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாமல் போவது. இதற்கெல்லாம் சில வருஷம் முன்பே மலச்சிக்கலும், வாசனை தெரியாமல் போவதும், தூக்கத்தில் கத்திக் கைகாலை வீசுவதும் வந்திருக்கலாம்.

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறே பேரை வைத்து இதை எழுதினார். இன்றும் பார்த்து, நடக்க வைத்து, விரலைத் தட்டச் சொல்லித்தான் கண்டுபிடிக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். வேறு காரணங்களை விலக்கத்தான் அதை எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, அதனால் நோயும் இல்லை என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள்.

கேஸ் மாத்திரைக்கும் கை நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்கிறார்.

நிறைய சம்பந்தம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வயிற்றெரிச்சலுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல் போடும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் இருக்கிறது. அதில் ரபெப்ரசோல், பான்டோபிரசோல் மட்டும் இருந்தால் இந்த விஷயத்தில் கவலையில்லை. ஆனால் பல கேப்சூல்களில் கூடவே லெவோசல்பிரைடு என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அது மூளையில் அசைவை நடத்த உதவும் டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ளும். பார்க்கின்சனில் டோபமைன் குறைவதால் என்ன ஆகுமோ, அதேதான் இதிலும் ஆகும். மந்தம், விறைப்பு, நடுக்கம். சிலருக்கு நாக்கும் தாடையும் ஓயாமல் மென்றபடி இருக்கும். பத்து நாளுக்கு என்று எழுதிக் கொடுத்ததை இரண்டு வருஷமாக மருந்துக்கடையில் அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டிருப்பார்கள். இதை நோய் என்று நினைத்துப் பார்க்கின்சன் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கணக்கு இன்னும் குழம்பும்.

தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, புரோக்ளோர்பெரசின் இவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது என்பதால் இந்த விஷயத்தில் பரவாயில்லை. மருந்தை டாக்டர் நிறுத்தியதும் பலருக்குச் சில வாரம், சில மாதத்தில் சரியாகிறது. எல்லோருக்கும் முழுதாகச் சரியாவதில்லை. சிலருக்கு உள்ளே தொடங்கியிருந்த பார்க்கின்சனை இந்த மருந்து முன்கூட்டியே வெளியே காட்டிக்கொடுத்திருக்கும்.

இளம் வயதினருக்கு இன்னொரு மாதிரி வரும். வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த சில மணி நேரத்திலோ மறுநாளோ கண்விழி மேலே சொருகி, கழுத்து ஒரு பக்கம் திருகி, வாய் கோணிக்கொள்ளும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பேய் பிடித்தது என்று ஓடியவர்களும் உண்டு. சரியான ஊசி போட்டால் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். எந்த மருந்தால் வந்தது என்று எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமாவுக்கு சால்புட்டமால், வலிப்புக்கு வால்புரோயேட், மனநலத்துக்கு லித்தியம், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை இவையும் கையை நடுங்க வைக்கும். அதற்காக மனநல மருந்தையும் வலிப்பு மருந்தையும் நீங்களாகப் பட்டென்று நிறுத்தினால் இருப்பதைவிடப் பெரிய வம்பு வரும். எழுதிக் கொடுத்தவரிடம் பேசி மாற்றுங்கள்.

பார்க்கின்சன் மாத்திரை போட்ட பிறகுதான் அம்மா நெளிந்து நெளிந்து ஆடுகிறார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

மருந்து வேலை செய்கிறது, அளவோ நேரமோ பொருந்தவில்லை. லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையைச் சில வருஷம் சாப்பிட்டவர்களுக்கு, மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இப்படி ஆட்டம் வரலாம். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு ஆட்டம், எத்தனை மணிக்கு விறைப்பு என்று ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்துக் கொண்டுபோங்கள். அதைப் பார்த்து அளவைப் பிரித்துக் கொடுப்பார்கள். சிலருக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் டி.பி.எஸ். சிகிச்சையும் பொருந்தும். இன்னொன்று, பருப்பு, பால், முட்டை போன்ற புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாம்பார் சாதத்தோடு சேர்த்து விழுங்காமல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட்டால் நல்லது.

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடலாமா?

பூனைக்காலியில் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது. 1937-இலேயே தாமோதரன், ராமசாமி இருவரும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் எந்தப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று கரண்டியால் அளக்க முடியாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எகிறிவிடும். மேலே சொன்ன ஆட்டமும், குமட்டலும், சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவதும் வரும். சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பையன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான், தொண்டையைக் கனைக்கிறான். அதட்டினால் கொஞ்ச நேரம் நிறுத்துகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

அதட்டாதீர்கள். கொஞ்ச நேரம் அடக்க முடிவதுதான் இதன் குணமே. உள்ளே ஒரு உந்துதல் ஏறிக்கொண்டே போகும், செய்து முடித்ததும் ஒரு நிம்மதி. இதை டிக் என்பார்கள். ஐந்து ஏழு வயதில் ஆரம்பித்து, பத்துப் பன்னிரண்டில் உச்சத்துக்குப் போய், பதினெட்டுக்குள் பலருக்கு நன்றாகக் குறைந்துவிடும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம். உடல் அசைவுகள் பலவும் குரலில் ஒன்றாவதும் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் டூரெட் என்று பெயர். கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்று சினிமாவில் காட்டுவது, பத்தில் ஒருவருக்கோ கொஞ்சம் கூடுதலாகவோதான்.

பள்ளியில் டீச்சரிடம் ஒரு தடவை நேரில் பேசிவிடுங்கள். பெஞ்சில் எழுப்பி நிற்க வைத்தால் கூடத்தான் செய்யும். படிப்பும் பழக்கமும் கெடவில்லை என்றால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். உந்துதல் வரும்போது வேறொரு அசைவைச் செய்யப் பழக்கும் பயிற்சி இருக்கிறது, அது நன்றாகவே உதவுகிறது.

மகளுக்குத் தொண்டைப் புண் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கைகால் நிலையில்லாமல் ஆடுகிறது, எழுத்து கிறுக்கலாகிவிட்டது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பு, சில மாதம் கழித்து மூளையைத் தாக்கினால் இப்படி ஆகும். ஐந்திலிருந்து பதினைந்து வயது, பெண் குழந்தைகளுக்கே அதிகம். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டியபடி வைக்க முடியாது, பிடித்த கையை இறுக்கியும் தளர்த்தியும் செய்வாள். காரணமில்லாமல் அழுவாள், எரிச்சல்படுவாள். ஆட்டம் சில மாதத்தில் அடங்கிவிடும். கவலை இதயத்தைப் பற்றித்தான். இதே எதிர்ப்பு இதய வால்வையும் கெடுக்கும். எக்கோ எடுக்க வேண்டும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியைப் பல வருஷம் விடாமல் போட வேண்டிவரும்.

வயதானவருக்குத் திடீரென்று ஒரு பக்கக் கைகால் மட்டும் இப்படி வீசி ஆடினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாகிப்போன பாட்டிகளுக்கு இது வருவதுண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் குறைகிறது. மூளையில் ரத்த அடைப்பாலும் வரலாம் என்பதால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தூங்கப்போகும்போது தூக்கிப்போடுகிறது.

அனேகமாக எல்லோருக்கும் உண்டு. ஒன்றும் செய்ய வேண்டாம்.

காலையில் எழுந்ததும் தோள் வெட்டி, கையிலிருக்கும் பல்துலக்கியும் டம்ளரும் எகிறிப்போகின்றன. பகலில் ஒன்றுமில்லை.

இதை மட்டும் "தூக்கக் கலக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஆரம்பித்து, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இப்படி வெட்டினால் அது ஒருவகை வலிப்பு நோயாக இருக்கலாம். பரீட்சைக்காக ராத்திரி முழித்த மறுநாளோ, நண்பர்களோடு குடித்த மறுநாளோ முழு வலிப்பும் வந்து விழுவார்கள். மருந்து மிக நன்றாகக் கேட்கும், ஆனால் சரியான மருந்தாக இருக்க வேண்டும். கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்ற சில வலிப்பு மருந்துகள் இந்த வெட்டலைக் கூட்டிவிடும். அதனால் "வலிப்பு வந்தது" என்று மட்டும் சொல்லாமல் காலை வெட்டலையும் சொல்லுங்கள். டாக்டர்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வால்புரோயேட் எழுதினால் பின்னாளில் கர்ப்பத்தை அது எப்படிப் பாதிக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சிலநாள் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

இரண்டும் வேறு வேறு. இழுத்துப் பிடிப்பது தசைப்பிடிப்பு. முட்டியை நீட்டிவைத்துக் கால்விரல்களை உங்கள் பக்கமாக இழுத்தால் விடும். படுக்கும் முன் அதே மாதிரி நீட்டுவது பலருக்கு உதவுகிறது. காலை ஆட்டத் தோன்றுவதும், எழுந்து நடந்தால் நிம்மதியாவதும், சாயங்காலம் கூடுவதும் இரும்புச்சத்துக் குறைவோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அதிகம். சளிக்குப் போடும், தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் இதைக் கூட்டும்.

எழுதும்போது மட்டும் விரல் முறுக்கிக்கொள்கிறது. அதே கையால் காய் நறுக்குகிறேன், ஒன்றுமில்லை.

அதனாலேயே ஆபீஸில் நடிப்பு என்பார்கள். நடிப்பில்லை. நுணுக்கமான ஒரே வேலையை வருஷக்கணக்கில் செய்கிற கை, அந்த வேலைக்கு மட்டும் மக்கர் செய்யும். எழுத்தர்கள், தையல்காரர்கள், வீணை மிருதங்கம் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் வரும். தடிமனான பேனா, பிடிக்கும் விதத்தை மாற்றுவது, பயிற்சி, தேவைப்பட்டால் போட்டுலினம் ஊசி. இதே குடும்பத்தில்தான் கழுத்து தானாகத் திருகிக்கொள்வதும் சேர்கிறது. தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தால் கழுத்து நேராகிறது என்று கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். அந்தத் தந்திரத்தை டாக்டரிடம் செய்துகாட்டுங்கள், அவருக்கு அது பெரிய தடயம்.

இளம் வயதில் கை நடுக்கம் வந்தால் ஏன் கண்ணையும் ஈரலையும் பார்க்கிறார்கள்?

வில்சன் நோயா என்று பார்க்கத்தான். நிம்ஹான்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்சன் கார்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1912-இல் இதை விவரித்த டாக்டர் பெயர் அது. உணவிலிருந்து வரும் செம்பை ஈரல் வெளியேற்ற முடியாமல், அது ஈரலிலும் மூளையிலும் கண்ணின் ஓரத்திலும் படிகிறது. கருவிழியைச் சுற்றிப் பழுப்புப் பச்சையாக ஒரு வளையம் தெரியும். பேச்சு குழறும், எச்சில் வடியும், படிப்பில் திடீரென்று பின்தங்குவார்கள், மஞ்சள் காமாலை வந்து போயிருக்கும். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் நோய் வரும். அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகக் காண்கிறோம். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் சோதிக்க வேண்டும், நன்றாக இருந்தாலும் சரி.

மூளையையும் கைகாலையும் பாதிக்கும் பரம்பரை நோய்களில் மருந்தால் பிடித்து நிறுத்தக்கூடியவை குறைவு. இது அதில் ஒன்று. பென்சிலமின், துத்தநாகம் என்று ஆயுளுக்கும் மருந்து உண்டு. உடம்புக்கு நல்லது என்று செப்புப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கும் பழக்கத்தை இந்த வீட்டில் விட்டுவிட வேண்டும்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல். "மனசுதான் காரணம்" என்கிறார்கள். பொய் சொல்கிறாள் என்று அர்த்தமா?

இல்லை. மூளையின் அமைப்பு சரியாக இருந்தும், அசைவை நடத்துகிற முறை தடம் மாறலாம். அவர்களுக்கு அது நிஜமாகவே கட்டுப்பாட்டில் இல்லை. மறு கையால் ஒரு தாளம் தட்டச் சொன்னால் நடுக்கம் அந்தத் தாளத்துக்கு மாறுவது, கவனம் திரும்பினால் நிற்பது போன்ற அறிகுறிகளை வைத்துத்தான் டாக்டர் இதைச் சொல்கிறார். ஒன்றும் கிடைக்காததால் ஒப்புக்குச் சொல்வதில்லை. பிசியோதெரபியும் மனநல ஆலோசனையும் சேர்ந்து பலன் தரும். வீட்டில் கேலி செய்தால் பலன் தராது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால். ஒரு பக்கம் திடீரென்று பலமிழந்தாலோ பேச்சு போனாலோ. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. காயம்பட்ட சில நாளில் வாய் திறக்க முடியாமல் தாடை இறுகினால். மனநல மருந்து சாப்பிடுகிறவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால். தைராய்டு அறுவைக்குப் பிறகு வாயைச் சுற்றி மரத்து, விரல்கள் குவிந்து இழுத்துக்கொண்டால். அது கால்சியம் குறைவு. இவற்றில் எது நடந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் வியர்த்து நடுங்கினால் அளந்து பார்க்கும்வரை காத்திருக்காமல், நினைவோடு இருந்தால் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்கள். வலிப்பின்போது கையில் இரும்பைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

ஓசூரிலிருந்து நிம்ஹான்ஸ் வருகிறோம். கன்னடம் தெரியாது. என்ன கொண்டுவர வேண்டும்?

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தினமும் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் வருகிற இடம் அது. ஓசூர் ரோட்டிலேயே, டெய்ரி சர்க்கிள் பக்கத்தில் இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலைக் கணக்கில் வைத்து விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள். காலையிலேயே வந்தால்தான் பதிவுச் சீட்டு வாங்கிக் காத்திருக்கத் தோதாக இருக்கும். அவசரப் பிரிவு இருபத்திநாலு மணி நேரமும் உண்டு.

அசைவு வரும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது நின்றுவிடும், எப்போதும் அப்படித்தான். முகம் மட்டும் எடுக்காமல் முழு உடம்பும் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்று, கையை முன்னே நீட்டி ஒன்று, டம்ளரில் தண்ணீர் குடிக்கும்போது ஒன்று, நடக்கும்போது ஒன்று. தூக்கத்தில் வருகிறது என்றால் அதையும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதவைத்து, ஒரு சுருள் வரையவைத்துத் தேதி போட்டு எடுத்து வாருங்கள். ஆறு மாதம் முன்பு எழுதிய மளிகைக் கணக்கு இருந்தால் அதுவும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மாத்திரைகளைப் பெயர் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். நிறுத்திவிட்ட அட்டைகள், ஆயுர்வேதப் பொடி, வாந்திக்குப் போட்ட ஊசிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு அப்படியே மேசையில் கொட்டுங்கள்.

பார்க்கின்சனுக்கு ஊனமுற்றோர் சான்று கிடைக்குமா?

கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்ட இருபத்தொன்றில் பார்க்கின்சனும் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு நாற்பது சதவீதம் வேண்டும். தேசிய அளவில் செல்லும் அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நன்றாக நடப்பார், இறங்கியதும் எழுந்திருக்கவே முடியாது. அதனால் பரிசோதனைக்குப் போகும்போது அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வீடியோவையும் டாக்டர் குறிப்பையும் கொண்டுபோங்கள். முகவரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட மருத்துவமனையில்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள் என்பதால், ஓசூர்க்காரர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.